முன்னறிவிப்பில்லாத ஒத்திகை

காஜா பாய் என் கண்ணாடி அறைக்குள் வரும்போது கதவை இரண்டு விரலால் தட்டிவிட்டுத்தான் வருவார். அன்று தட்டவில்லை.

மாசி முடியும் தறுவாய் என்று நினைவு. காலை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மாலின் தரையில் பினாயில் ஈரம் இன்னும் காயவில்லை. அவர் செருப்புத் தடம் வாசலிலிருந்து என் மேஜைவரை வந்திருந்தது.

"சார், சீனிராஜ் அண்ணாச்சி போயிட்டாவ."

அந்த நொடியில் என் மனம் முதலில் செய்த காரியத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. முதல் தளம், பதினேழாம் எண் கடை இன்று நேரத்துக்குத் திறக்காது என்று அது குறித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் துக்கப்பட்டேன்.

"விடியக்காலம் நெஞ்சு வலின்னாவளாம். ஆட்டோ கூப்புடுததுக்குள்ள முடிஞ்சிட்டு. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்காவ."

"ரொம்ப வருத்தமா இருக்கு பாய்."

"வருத்தம் இருக்கட்டும் சார். அவிய வீட்ல ஒண்ணு கேக்காவ. சுடுகாட்டுக்குப் போற வழியில வண்டிய இங்கன ஒரு நிமிஷம் நிறுத்தணுமாம், கடை முன்னால. அந்நேரம் எல்லாக் கடையையும் அடைச்சிட்டு நாங்க கீழ வந்து நிக்கணும். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

நான் சரி என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைப் புரிய வைக்க, ஒரு மால் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஒப்பந்தங்களால் கட்டிய கட்டடம்

இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பூர்வோத்தரம் தெரியும். இன்று புதிதாகப் பக்கத்தைப் புரட்டியவருக்கு ஒரு வரி: பல ஊர் நகராட்சிகளில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி, ஓய்வு பெற்று, சும்மா இருக்கத் தெரியாமல், கோவில்பட்டி பைபாஸ் ஓரம் எழும்பிய மாலில் நிர்வாக அதிகாரியாகச் சேர்ந்தவன்.

முதலாளியின் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தியது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்போம். அப்படியானால் ஆபீஸை என்னவென்பீர்கள் என்று கேட்காதீர்கள்.

மால் என்பது கட்டடம் என்று நினைத்துத்தான் நானும் போனேன். கட்டடம் அதில் பாதிகூட இல்லை. மீதியெல்லாம் ஒப்பந்தம்.

கீழ்த்தளம் முழுக்க ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட், வெளியூர் நிறுவனம். அதை நம்பிக் கூட்டம் வரும். கூட்டத்தை நம்பி மேலே சின்னக் கடைகள் வரும். ஆகவே பெரிய கடைக்குச் சதுர அடி வாடகை குறைவு, சின்னக் கடைக்கு அதிகம். பந்தியில் முதல் இலையில் உட்காருகிறவரிடம் யாரும் மொய்க் கவரை எதிர்பார்ப்பதில்லை.

சின்னக் கடைக்காரர் தன் கடைக்கு மட்டும் வாடகை கொடுப்பதில்லை. நடைபாதை, கழிவறை, லிஃப்ட், யாரும் உட்காராத அலங்கார பெஞ்சு, அத்தனையிலும் ஒரு பங்கு அவர் தலையில் ஏறும். எந்தக் கடை எங்கே வரவேண்டும் என்பதும் அவர் கையில் இல்லை. சாப்பாட்டுக் கடைகள் உச்சி மாடியில்தான் இருக்கும். பசித்தவன் எல்லாக் கடையையும் கடந்து ஏறட்டும் என்பது ஏற்பாடு. எஸ்கலேட்டரில் ஏறி வந்தவர் இறங்க வேண்டுமானால் மாலில் பாதியைச் சுற்ற வேண்டும். அதுவும் ஏற்பாடுதான்.

பங்குனி வெயிலில் கழுகுமலை பஸ்ஸில் வந்திறங்கி, ஏசிக் காற்றில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, பிள்ளைக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகும் குடும்பங்கள் உண்டு. வாசலில் இருக்கும் எந்திரம் அவர்களையும் எண்ணிக்கொள்ளும். அந்த எண்ணிக்கையைக் காட்டித்தான் அடுத்த கடைக்காரரைப் பிடிப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. காலை பத்து முதல் இரவு ஒன்பதரை வரை எந்தக் கடையும் மூடியிருக்கக் கூடாது. இருட்டிக் கிடக்கும் ஒரு கடை பக்கத்தில் உள்ள இரண்டையும் இருட்டாக்கிவிடும். மூடத்தான் வேண்டுமென்றால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்பே எழுத்துமூலம் மனு. மனு இல்லாமல் மூன்று முறை மூடினால் கடை ரத்து.

அந்த விதியின் ஒவ்வொரு சொல்லையும் எழுதியவன் நான்.

பெரிய கடையின் ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு ஜோடி விதி இருந்தது. வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு சின்னக் கடைகள் மூடிக் கிடந்தால், பெரிய கடை நோட்டீஸ் கொடுத்துவிட்டு உடனே கிளம்பலாம். அந்தச் சமயம் அவர்களுக்கு வியாபாரம் மந்தம். கிளம்ப ஒரு சாக்குத் தேடுகிறார்கள் என்று எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். அவர்கள் போனால் மேல்மாடிக் கடைகள் ஒரு வருடம் தாங்காது.

மர ஸ்கேல்

மால் திறப்பதற்கு முன் கடைக்காரர்கள் வரிசையாக வந்து என் முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். நாற்பது பக்க ஒப்பந்தம். பெரும்பாலோர் "எங்கன சார் போடணும்?" என்று மட்டும் கேட்டார்கள். காஜா பாய், "நீங்க எழுதுனதுதானே, படிச்சு என்ன ஆகப்போவுது" என்று சிரித்துக்கொண்டே போட்டார்.

படித்தவர் ஒருவர்தான். இடைசெவல் பக்கத்திலிருந்து வந்து, பஜாரில் இருபது வருடம் பிள்ளைகளுக்கான ரெடிமேட் கடை வைத்திருந்த சீனிராஜ். சட்டைப் பையில் கண்ணாடி, மஞ்சள் பையில் துணி அளக்கும் மர ஸ்கேல். ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, வாய்க்குள் முணுமுணுத்து, அடுத்த வரிக்கு நகர்த்துவார். படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்தில் அவர் அப்பா காலத்தில் ஒரு நிலம் போயிருந்தது. எனக்கு எரிச்சல். வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

நாற்பத்தெட்டு மணி நேர விதியின் மேல் ஸ்கேல் நின்றது.

"சார், சாவுக்கு அடைக்கலாமா?"

"யார் சாவுக்கு?"

"பஜார்ல ஒரு வழக்கம் உண்டு சார். தெருவுல பாடை வந்துச்சுன்னா ஷட்டர பாதி இறக்கிட்டு வெளிய வந்து நிப்போம். நம்ம தெருக் கடைக்காரரே போயிட்டாருன்னா எடுக்குற வரைக்கும் யாரும் திறக்க மாட்டோம். அவரு கடை முன்னால ஒரு நிமிஷம் இறக்கி வச்சுத்தான் தூக்கிட்டுப் போவாவ. இங்கன எப்படின்னு கேட்டேன்."

"மனு குடுங்க. பரிசீலிப்போம்."

"நாப்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னாலயா?"

"விதி அப்படித்தான்."

அவர் ஸ்கேலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சாவப்போறவன் ரெண்டு நாளைக்கு முன்னால சொல்லிட்டுச் சாவணும். நல்லதுதான் சார், வீட்லயும் ஏற்பாடு பண்ணிக்கிடுவாவ."

வெளியே நின்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்கேலைப் பையில் செருகிக்கொண்டார்.

போகும்போது, வரும்போது

பதினேழாம் எண் சீனிராஜுக்கு. பதினெட்டு காஜா பாய்க்கு. பாய் விற்றது பெட்டியும் பையும். இரண்டு கடையும் ஒட்டி வந்தது என் திட்டத்தில் இல்லாத ஒரே நல்ல காரியம்.

புதூர்ப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களிலிருந்து திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ கிளம்புகிறவர்கள் பாய் கடையில் பெட்டி வாங்குவார்கள். லீவில் வருகிறவர்கள் சீனிராஜ் கடையில் பிள்ளைக்குச் சட்டை வாங்குவார்கள். போய் நாளான அப்பனுக்குப் பிள்ளையின் அளவு தெரியாது. "இம்புட்டு உயரம் இருப்பான்" என்று காற்றில் கையை வைத்துக் காட்டுவான். சீனிராஜ் அந்தக் கையின் மேல் ஒரு நாலு விரல் கூட்டிச் சட்டை எடுத்துக் கொடுப்பார். மாற்றிக்கொள்ள யாரும் திரும்பி வந்ததில்லை என்று பாய் பெருமையாகச் சொல்வார். தன் கடையைப் பற்றி அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்குப் போகும்போது பாய் கடையையும் சீனிராஜ்தான் பார்த்துக்கொள்வார். இரண்டு வெள்ளிக்கிழமை அவர் திருச்செந்தூருக்குப் போயிருந்தார். பாய் கடையை அடைத்துவிட்டுத் தொழப் போனார். நான் இரண்டு நோட்டீஸ் கொடுத்தேன். "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, "சார் கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது முறை அடைத்தால் கடை அவருக்கு இல்லை.

மூன்றாவது நோட்டீஸ்

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் அன்று காலை பாய் முன்னாலேயே முதலாளிக்குப் போன் செய்தேன்.

"சார், அண்ணாச்சி மேல எனக்கு மரியாதை இல்லாமயா? மாலை வாங்கி அனுப்புங்க, பெரிய மாலையா. ஆனா எல்லாக் கடையும் ஒண்ணா அடைச்சா, கீழ இருக்கிற மேனேஜர் பய போட்டோ எடுத்து அவன் ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிருவான். அப்புறம் எத்தனை பேர் பொழப்பு போகும்னு நீங்களே கணக்குப் போடுங்க. வண்டி வந்தா வரட்டும். கடை திறந்திருக்கணும்."

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் கஷ்டம்.

பாயிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"மத்தவிய எல்லாரும் பயப்படுதாவ சார். பிள்ளகுட்டிக்காரங்க, நான் குறை சொல்லல. நான் மட்டும் அடைக்கேன். அண்ணாச்சி கடைச் சாவியும் எங்கிட்டதான் கிடக்கு. மூணாவது நோட்டீஸ எழுதி வச்சிருங்க. சுடுகாட்டுலருந்து வந்து வாங்கிக்கிடுதேன்."

"பாய், கொஞ்சம் யோசிங்க. கடை போயிரும்."

"அவியளுக்கும் கடை போயிட்டுல்லா சார்" என்றார். இம்முறை கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

நோட்டீஸ் படிவம் மேஜையின் மூன்றாவது இழுப்பறையில் இருக்கும். எடுக்கக் குனிந்தேன். படிவக் கட்டுக்குக் கீழே சிவப்பு அட்டை போட்ட ஒரு பதிவேடு கிடந்தது. தீத்தடுப்பு ஒத்திகைப் பதிவேடு.

மாலில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தீ ஒத்திகை நடத்த வேண்டும். மணி அடிக்க வேண்டும், எல்லோரும் வெளியேற வேண்டும், பார்க்கிங் ஓரம் பச்சைப் பலகை வைத்த இடத்தில் கூட வேண்டும், கடைவாரியாக ஆளைச் சரிபார்த்து டிக் போட வேண்டும். நான்கு ஒத்திகை நடந்ததாகப் பதிவேடு சொன்னது. நான்கையும் என் நாற்காலியில் உட்கார்ந்து நானே நடத்தியிருந்தேன். ஒருவர்கூட எழுந்து நின்றதில்லை. அரசாங்கத்தில் கற்ற வித்தை அவ்வளவு சீக்கிரம் விட்டுப் போகாது.

பெரிய கடையின் ஒப்பந்தத்தை எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஸ்கேலை வைத்து வரி வரியாகப் படித்தேன். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது. சட்டப்படியான பாதுகாப்பு ஒத்திகைக்காக மூடப்படும் நேரம் கடைமூடலாகக் கருதப்படாது. ஒத்திகையில் பெரிய கடையும் கலந்துகொள்ளக் கடமைப்பட்டது. எங்கள் சொந்த விதிப் புத்தகத்தில் இன்னொன்று: ஆண்டுக்கு ஒரு ஒத்திகையேனும் முன்னறிவிப்பின்றி நடத்தப்பட வேண்டும்.

பாயைக் கூப்பிட்டேன்.

"நாலு மணி வரைக்கும் ரெண்டு கடையையும் திறந்து வையுங்க. அதுக்கு மேல என் பொறுப்பு."

"என்ன சார் செய்யப் போறீங்க?"

"விதிப்படி செய்யப் போறேன்."

"அதான் சார் பயமா இருக்கு."

மணி

கேட் வாட்ச்மேன் பெருமாளிடம் மட்டும் ஒன்று சொல்லி வைத்திருந்தேன். நாலு மணி தாண்டிச் சில நிமிடங்களில் அவர் போன் வந்தது. "வண்டி பைபாஸ் திருப்பத்துல வருது சார்."

சுவரில் இருந்த சிவப்புப் பெட்டியின் கண்ணாடியைப் பேப்பர் வெயிட்டால் உடைத்தேன். அந்த மணியை நானே அதுவரை கேட்டதில்லை. எஸ்கலேட்டர் பாதி ஏற்றத்தில் நின்றது. பாட்டு நின்றது. ஏசியும் நின்றது.

பெரிய கடை மேனேஜர் சதீஷ் ஓடி வந்தான். கோயம்புத்தூர்ப் பையன்.

"என்னங்க சார், டிரில்லுங்களா? எங்களுக்கு மெயிலே வரலீங்களே!"

"தீ மெயில் போட்டுட்டு வராது தம்பி. ஆளுகளை வெளியேத்துங்க."

முன்படி வழியாகக் கூட்டம் ஒழுங்காகத்தான் இறங்கியது. பின்படியில்தான் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அவசர வழிக் கதவுக்கு முன்னால் ஆள் உயரத்துக்குச் சோப்புத்தூள் அட்டைப்பெட்டிகள். சூப்பர் மார்க்கெட்டின் சரக்கு. கைக்குழந்தைக்காரி ஒருத்தி பெட்டிகளுக்கு முன் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் படியில் முப்பது நாற்பது பேர். மேலே இருப்பவர்களுக்குக் கீழே வழி இல்லை என்று தெரியாததால் இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

நான் அந்தக் கதவுக்கு நேரே "தடையின்றி உள்ளது" என்று நான்கு முறை டிக் போட்டவன்.

அன்று நிஜத் தீ இல்லை. ஆண்கள் நாலு பேர் பெட்டிகளை இழுத்துப் போட்டார்கள். கதவு திறந்தது. அந்தப் பெண் என்னைக் கடந்து போகும்போது குழந்தையின் காதைப் பொத்தியிருந்தாள்.

பச்சைப் பலகைப் பக்கம் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அந்த இடத்தில் நாங்கள் பதித்த கல் ஒவ்வொரு கோடையிலும் பிளக்கும். கரிசல் மண்ணுக்கு மால் வந்தது தெரியாது. வெடிப்புகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடைக்காரர்கள், வேலைக்காரப் பிள்ளைகள், சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியை விடமாட்டேன் என்று கையோடு கொண்டுவந்த ஒரு வாடிக்கையாளர்.

கடைசியாக வந்தவர் காஜா பாய். ஒத்திகை விதிப்படி கடையை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். அவர் தன் ஷட்டரையும் பதினேழாம் எண் ஷட்டரையும் பாதி இறக்கிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார்.

வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது. உள்ளே வர முடியாது. உயரக் கட்டுப்பாட்டுக் கம்பி இருந்தது, அதுவும் நான் வைக்கச் சொன்னதுதான். மணியை நிறுத்தச் சொன்னேன்.

வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆனால் சவ வண்டியைப் பார்த்ததும் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். தள்ளுவண்டிக்காரர் பிடியை விட்டார். சதீஷ் கையில் போன் இருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டான்.

வண்டிக்குப் பின்னால் வந்த காரிலிருந்து சீனிராஜின் மனைவி இறங்கினார். பெண்கள் சுடுகாடுவரை போவதில்லை. அவர் இதுவரை மட்டும் வந்திருந்தார். முகத்தை நிமிர்த்தி முதல் தளத்தைப் பார்த்தார். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பிள்ளைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின.

"அடைச்சிருக்கா?" என்று கேட்டார்.

"அடைச்சாச்சு மதினி" என்றார் பாய்.

"எல்லாக் கடையுமா?"

"எல்லாக் கடையும். கீழ உள்ள பெரிய கடையும்."

அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

டிக்

மறுநாள் காலை முதலாளி நேரில் வந்தார். என்னை வேலையைவிட்டு நிறுத்திவிடத்தான் வந்தார். முகத்தில் எழுதியிருந்தது. பின்படிக் கேமராவில் பதிவான போட்டோவைக் காட்டினேன்: கதவை மறைத்த பெட்டிகள்.

தீப்பெட்டி ஆபீஸ்காரர் வீட்டில் தீயைப் பற்றிச் சும்மா பேச மாட்டார்கள். அவர் தாத்தா காலத்தில் ஒரு கெட்டது நடந்ததாக ஊரில் சொல்வார்கள்; அவர் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. போட்டோவை வெகுநேரம் பார்த்தார். "எத்தனை பேர் நின்னாங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். உட்கார்ந்தார்.

பிறகு பதிவேட்டை இழுத்துப் படித்தார். கடைவாரியாக, கூடுமிடத்துக்கு வந்து சேர்ந்தவர் விவரம். விரல் பதினேழில் நின்றது.

"இதுக்கு டிக் போட்டிருக்கீங்க."

"ஆமா."

"கடைக்காரர் வந்தார்னா?"

"வந்தார். கேட்டுக்கு வெளியே ஏழு நிமிஷம் நின்னார்."

அவர் முந்தைய பக்கங்களைப் புரட்டினார். நான்கு ஒத்திகை. நான்கிலும் பதினேழுக்கு நேரே என் அழகான டிக்.

"அப்ப இதெல்லாம்?"

"அதெல்லாம் பொய்" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார். முந்தைய நான்கு பக்கங்களைத் தொடவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், "பார்வையிட்டேன்" என்ற இடத்தில், கையெழுத்துப் போட்டார்.